பராமரிப்பு இல்லத்தில் ‘ஆறு பேருக்கு ஒருவர்’ என்று சொல்லும் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: மூத்த மகள்

அனைவருக்கும் வணக்கம். 84 வயதான என் அம்மா நான்கு மாதங்களாக முதியோருக்கான ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய் முற்றிய நிலையில் இடுப்பெலும்பும் முறிந்து, தானாக எழவோ படுக்கையில் புரளவோ முடியாமல் போனபோது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் சக்திக்கு மீறியதாகிவிட்டது. இல்லத்தைத் தேர்ந்தெடுத்தபோது சுத்தமான கூடத்தையும் காற்றோட்டமான அறைகளையும் பார்த்தோம். ஆறு பேருக்கு ஒரு பணியாளர் என்று நிர்வாகம் சொன்னதைக் கேட்டு மன நிறைவோடு சேர்த்தோம்.

சேரும்போது 52 கிலோ இருந்த அம்மா இப்போது 47 கிலோ இருக்கிறார். வால் எலும்புக்கு மேலே தோல் நிறம் மாறியிருப்பதைச் சென்ற வாரம் உடை மாற்றும்போது தற்செயலாகப் பார்த்தேன். கேட்டால், வயதானவர்களுக்கு இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். பணியாளர்கள் கடுமையாகப் பேசுபவர்கள் அல்லர். எப்போது பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். அழைப்பு மணியை அழுத்தி இருபது நிமிடம் காத்திருந்ததும் உண்டு. அங்கே மொத்தம் 42 பேர் தங்கியிருக்கிறார்கள்.

ஆறு பேருக்கு ஒருவர் என்பது போதுமான எண்ணிக்கைதானா? அது உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை வெளியாளான நான் எப்படி அறிவது? அம்மாவை வேறு இடத்திற்கு மாற்றுவதா, இங்கேயே இருக்கவைத்துச் சரிசெய்யப் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவளாக இருப்பேன்.


பதில் 1: இரவுப்பணிச் செவிலியர்

வணக்கம் சகோதரி. எண்ணிக்கையைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தத் தோல் மாற்றத்தை இன்றே பாருங்கள். அந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்தி எடுக்கும்போது நிறம் வெளுத்துத் திரும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டு அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, சதசதவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தோல் கிழிந்துவிட்டால் இரண்டாம் நிலை. அதற்குப் பிறகு கொழுப்பு, தசை, எலும்பு என்று உள்ளே போகும். முதல் நிலையில் அழுத்தத்தை நீக்கினாலே ஆறிவிடும் புண், நான்காம் நிலையை எட்டிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாமல் உயிருக்கே ஆபத்தாக முடியும். குதிகால்களையும் மறக்காமல் பாருங்கள். போர்வைக்குள் இருப்பதால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. நிறம் மாறிய இடத்தைத் தேய்த்து மட்டும் விடாதீர்கள். இரத்த ஓட்டம் வரும் என்ற நல்லெண்ணத்தில் பலர் செய்யும் இந்தக் காரியம், ஏற்கெனவே நைந்திருக்கும் திசுவை மேலும் கெடுக்கும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். நான் பதினான்கு ஆண்டுகள் இத்தகைய இல்லங்களில் பெரும்பாலும் இரவில் பணியாற்றியவள். 42 பேரில் 24 பேர் தானாகப் புரள முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவரை இழுக்காமல், தோல் உரசாமல் திருப்பிப் படுக்கவைக்க இருவர் சேர்ந்தாக வேண்டும். திருப்பி, ஈரமான டயாபரை மாற்றி, துடைத்து, தலையணை வைத்துவிட்டு வர ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு சுற்று முடிய 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம் வேண்டும். இதற்கிடையில் ஒரு மணிகூட ஒலிக்கக்கூடாது, யாரும் எழுந்து நடக்க முயன்று விழக்கூடாது, யாருக்கும் வாந்தி வரக்கூடாது. மெத்தையின் தரத்தையும் உடல்நிலையையும் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்புவது வழக்கம் என்றாலும், உங்கள் அம்மாவைப் போல எடை குறைந்து, தோலும் நிறம் மாறத் தொடங்கியவருக்கு நான்கு மணி நேரம் மிக நீண்ட இடைவெளி. ஆனால் காலையில் பதிவேட்டைப் புரட்டினால் 12, 2, 4 என்று இரண்டு மணிக்கொரு கையெழுத்து வரிசையாக இருக்கும். அந்தக் கையெழுத்துகளில் சிலவற்றை நானே போட்டிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். போடாவிட்டால் வேலை போய்விடும். போட்டதை உண்மையாக்கவோ ஆள் இல்லை.

எடை குறைவதன் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு அவசரமின்றி ஊட்ட அரை மணி நேரம் பிடிக்கும். ஊட்டிவிட வேண்டியவர்கள் பத்துப் பேர், ஊட்டுபவர்கள் மூவர் என்றால், கடைசி ஆளின் முறை வரும்போது ஒரு மணி நேரத்திற்கு மேல் கடந்திருக்கும். உணவு ஆறிப்போயிருக்கும், சமையலறையிலிருந்து தட்டை எடுத்துப் போகவும் வந்துவிடுவார்கள். இரண்டு வாய் உண்டு தலையைத் திருப்பிக்கொண்டவரைப் பற்றி ‘சாப்பிட மறுத்தார்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, மூன்று மாதங்களில் 7.5 சதவீதமோ, ஆறு மாதங்களில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைக் கவலைக்குரிய இழப்பாகக் கொண்டு காரணம் தேட வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் அம்மா நான்கு மாதங்களில் ஏறத்தாழ 9.6 சதவீதம் இழந்திருக்கிறார். வயதானால் இப்படித்தான் என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாத வாரியான எடைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். அது எழுதப்படவே இல்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.


பதில் 2: முன்னாள் நிர்வாகி

நான் ஒரு பராமரிப்பு இல்லத்தை ஒன்பது ஆண்டுகள் நடத்தி, பிறகு விலகியவன். ஆகவே ‘ஆறு பேருக்கு ஒருவர்’ என்ற வாக்கியம் எப்படித் தயாராகிறது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அதன் தந்திரம்.

42 பேருக்கு ஆறுக்கு ஒருவர் என்றால் ஏழு பணியாளர்கள். இந்த ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதே கேள்வி. சம்பளப் பட்டியலில் மட்டும் ஏழு பேர் என்றால், ஆளுக்கு வாரம் ஒரு நாள் விடுப்புப் போக நாளொன்றுக்கு ஆறு பேர் வருவார்கள். மூன்று ஷிப்டுகளுக்குப் பிரித்தால் ஷிப்டுக்கு இருவர். ஆக, எந்த நேரத்திலும் 21 பேருக்கு ஒருவர்தான் இருக்கிறார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 42 பேருக்கு ஒருவர் என்றாகிவிடும். மாறாக, ஒவ்வொரு ஷிப்டிலும் ஏழு பேர் நிற்கிறார்கள் என்றால் வாரத்திற்கு 147 ஷிப்டுகள். ஒருவர் ஆறு ஷிப்டு செய்தாலும் குறைந்தது 25 பேர் வேண்டும், நோய் விடுப்பையும் சேர்த்தால் 28 பேராவது வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தால் விளம்பரப்படுத்தலாம். இதற்கு மேல், சமையற்காரரையும் துப்புரவுப் பணியாளரையும் அலுவலக எழுத்தரையும் ‘பணியாளர்’ என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

எனவே விகிதத்தைக் கேட்காதீர்கள். ஒரு நாளில் ஒருவருக்கு எத்தனை மணி நேரம் நேரடிப் பராமரிப்பு கிடைக்கிறது என்று கேளுங்கள். நாளொன்றுக்கு ஆறு பேர் எட்டு மணி நேரம் உழைத்தால் 48 மணி. அதை 42-ஆல் வகுத்தால் ஒருவருக்கு 69 நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் ஏழு பேர் என்றால் 168 மணி. ஒருவருக்குச் சரியாக நான்கு மணி நேரம். அமெரிக்க அரசுக்காக 2001-இல் முடிக்கப்பட்ட ஆய்வு ஒன்று, நெடுங்காலம் தங்குபவர்களுக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரத்திற்குக் கீழே பராமரிப்பு குறைந்தால் தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் கூடுகின்றன என்று கண்டது. அந்த 4.1 மணியில் 2.8 மணி உதவியாளர்களுடையது, 0.75 மணி பதிவுபெற்ற செவிலியருடையது, எஞ்சியது பிற உரிமம் பெற்ற செவிலியர்களுடையது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பைப் பற்றிய அரச ஆணையம் 2021-இல் தன் இறுதி அறிக்கையைத் தந்த பிறகு நிமிடக் கணக்கே சட்டமாயிற்று: 2024 அக்டோபர் முதல் ஒருவருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 215 நிமிடம், அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது, 24 மணி நேரமும் ஒரு செவிலியர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலையிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 3.48 மணி என்று 2024-இல் அறிவிக்கப்பட்ட விதியை 2025-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆள் கிடைக்காது, கட்டுப்படியாகாது என்பதே இல்ல உரிமையாளர்களின் முக்கிய வாதம். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டுப்படியாகவில்லை என்பதற்காக 24 பேரின் முதுகு காத்திருக்காது.

சரிபார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். கடந்த நான்கு வாரங்களின் பணிப்பட்டியலைக் கேளுங்கள். அதுவும் திட்டமிட்ட பட்டியலை அல்ல, வருகைப் பதிவை. இரண்டும் வேறு வேறு. அமெரிக்காவில் இல்லங்கள் தாமே எழுதிக் கொடுத்த எண்ணிக்கைகளை நம்பிய காலம் போய், 2016 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்த தரவுகளைத் தர வேண்டும் என்று ஆனபோது, வார இறுதிகளில் ஆட்கள் வெகுவாகக் குறைவதும் ஆய்வாளர் வரும் நாட்களை ஒட்டிக் கூடுவதும் வெளிப்பட்டன. நான் அறிந்த எந்த இல்லமும் இதற்கு விதிவிலக்கல்ல, என்னுடையது உட்பட. ஆகவே ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். சீருடை அணிந்து அறைகளுக்குள் போய்வருபவர்களை மட்டும் எண்ணுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ஓர் ஆண்டுக்கு முன் இங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் இருக்கிறார்கள்? அமெரிக்க இல்லங்களின் 2017, 2018-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது செவிலியரும் உதவியாளரும் வேலையை விட்டு மாறும் விகிதம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 128 சதவீதம் என்று தெரிந்தது. ஒரே பணியிடத்திற்கு ஓர் ஆண்டுக்குள் இரண்டு மூன்று பேர் வந்து போனால்தான் இந்த விகிதம் நூறைத் தாண்டும். இது குறைந்த கூலி, முதுகு உடைக்கும் வேலை, பேருக்கு ஒரு பயிற்சி ஆகியவற்றின் விளைவு. அங்கே மத்திய அரசின் சட்டப்படி உதவியாளருக்குத் தேவையான பயிற்சியே 75 மணி நேரம்தான். மறதி நோயாளியைக் கையாள்வதற்கு அதில் எத்தனை மணி மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.


பதில் 3: ஒரு மகன்

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் எண்ணிக்கையே எல்லாம் என்ற முடிவுக்கு வருவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. என் அப்பா இரண்டு இல்லங்களில் இருந்தார். முதலாவதில் ஆட்கள் தாராளமாக இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் வேறு முகம். ஏஜென்சி அனுப்பும் ஆள் வருவார், அப்பாவின் பெயரைக் கதவில் படித்துவிட்டு உள்ளே போவார், குளிக்க அழைப்பார், முன்பின் தெரியாத ஆள் தன் உடையைக் களைய வருவதாக நினைத்து அப்பா கை ஓங்குவார். ‘ஆக்ரோஷமானவர்’ என்று கோப்பில் எழுதினார்கள். இரண்டாவது இல்லத்தில் ஆட்கள் குறைவு. ஆனால் ஒரே உதவியாளர் பதினொரு மாதம் அப்பாவைக் கவனித்தார். அப்பா முன்பு அதிகாலைப் பணிக்குப் போனவர் என்பதைத் தெரிந்துகொண்டு, மற்றவர்கள் எழும் முன் அவரைக் குளிப்பாட்டிவிடுவார். அப்பா ஒருமுறைகூடக் கை ஓங்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு ஒரே ஆளைத் தொடர்ந்து ஒதுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பேசும்போது குரலை உயர்த்தாதீர்கள் என்றும் ஒரு தம்பியாகச் சொல்கிறேன். நிர்வாகத்தின் மீது நாம் காட்டும் கோபம் படியிறங்கி, மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்ணின் தலையில்தான் விழும்.


பதில் 4: இரவுப்பணிச் செவிலியர்

தம்பி சொல்வது சரிதான். ஆனால் ஒன்று: அந்த உதவியாளர் பதினொரு மாதம் நிலைத்திருந்தது அவருடைய நல்ல மனத்தால் மட்டுமா, அவருக்கு ஒதுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை தாங்கக்கூடியதாக இருந்ததாலா? நான் நல்ல மனம் படைத்தவர்கள் பலரை இழந்திருக்கிறேன். 20 பேரை ஒருவர் கவனிக்கும் இடத்தில் யாருடைய பழைய வேலை நேரத்தையும் நினைவில் வைத்திருக்க முடியாது.


கேட்டவரின் பதிவு: மூத்த மகள்

உங்கள் அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போனேன். அறைகளுக்குள் போய்வந்தவர்கள் இருவர். மேல்தளத்தில் யாரும் இல்லை. தோலை அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. மறுநாள் மருத்துவரை வரவழைத்ததில் முதல் நிலை என்றே சொன்னார்; அழுத்தம் குறைக்கும் மெத்தையும், குதிகால் படாதவாறு கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆறு வாரங்களாக இரவில் அம்மாவுக்குக் குவெட்டியாபின் மாத்திரை கொடுக்கிறார்கள். ‘இரவில் கத்துகிறார்’ என்பதே காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. இது சரியா?


பதில் 5: ஓய்வுபெற்ற முதியோர் மருத்துவர்

அம்மா, இந்த மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. இது மனநோய்க்கான மருந்து வகையைச் சேர்ந்தது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகையின் புதிய மருந்துகளைக் கொடுக்கும்போது மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 2008-இல் அதைப் பழைய மருந்துகளுக்கும் விரித்தது. ஒருபோதும் கொடுக்கவே கூடாது என்பதல்ல. நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில், மற்ற வழிகளெல்லாம் பலன் தராதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு, குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். இங்கே கடைசி நிபந்தனை நிறைவேறவில்லை. முந்தையவை நிறைவேறினவா என்பதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கத்துவதை நோயின் போக்கு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் தேட வேண்டியவை பல: முறிந்த இடுப்பில் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நனைந்த டயாபர், தாகம். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். நாமாகக் கொடுத்தால்தான் குடிப்பார்கள். இரவில் இருவரே இருக்கும் இடத்தில் மாத்திரை மூன்றாவது பணியாளராகிவிடுகிறது என்பதை என் பணிக்காலத்தில் திரும்பத் திரும்பக் கண்டேன். அந்த மூன்றாவது பணியாளர் நோயாளியைப் பகலிலும் தூங்கவைப்பார். தூக்கக் கலக்கத்தில் உணவு இறங்காது, புரளவும் மாட்டார். எடை குறைவு, தோல் மாற்றம், மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே கதையின் பகுதிகளாக இருக்கக்கூடும். ஆயினும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எடை குறைந்தவர்களுக்குப் பல்செட் தளர்ந்து ஈறில் புண்ணாகும். அதனாலேயே உண்ண மறுப்பவர்கள் உண்டு. ஜப்பானில் 11 இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அவ்வாறு செய்யப்படாதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. ஆட்கள் போதாத இடத்தில் முதலில் கைவிடப்படும் வேலை இதுதான். ஏனென்றால் செய்யாவிட்டாலும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.


பதில் 6: முன்னாள் நிர்வாகி

மாற்றுவதா வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு நாங்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. மறதி நோயாளிக்கு இடமாற்றமே ஓர் அதிர்ச்சி. புதிய இடத்தில் முதல் சில வாரங்களில் குழப்பமும் கீழே விழுவதும் கூடும். ஆகவே முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்: தோலின் நிலை, எடை, மாத்திரை, ஞாயிறு மாலை கண்ட எண்ணிக்கை. இரண்டு வாரக் கெடு வையுங்கள். எழுத்தில் பதில் தந்து, இரவுக்கு ஆள் கூட்டினால் இருங்கள். வாய்மொழியாக ஆறுதல் மட்டும் சொன்னால் வேறு இடம் பாருங்கள். என் காலத்தில் வாய்மொழிப் புகார்களை நான் எப்படி மறந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.


கேட்டவரின் பதிவு: மூத்த மகள்

எழுத்தில் கொடுத்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. மெத்தை வந்துவிட்டது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். அம்மா இரண்டு இரவுகள் கத்தினார், பிறகு அடங்கிவிட்டார். மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்ததாலா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எடை நேற்று 47.4 கிலோ. வருகைப் பதிவைக் காட்டினார்கள்: பட்டியலில் எட்டுப் பெயர்கள், அவற்றில் ஒன்று வாகன ஓட்டுநருடையது. இரவுக்கு ஒருவரைக் கூடுதலாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் இன்னும் தரவில்லை. வேறு இரண்டு இல்லங்களையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று மதியம், அங்கே இரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் உதவியாளர் ஒருவர் அம்மாவுக்கு ஊட்டுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். இடது காது கேட்காது என்பதால் வலப்பக்கம் அமர்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் முன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா முழுவதையும் உண்டுவிடுகிறார் என்று சொன்னார். உண்மையிலேயே தட்டு காலியாயிற்று. இது கோப்பில் எங்கும் இல்லை. நானே ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன். இந்த மாதக் கடைசியோடு அவர் வேலையை விட்டுப் போகிறாராம்.